பூட்ஸ் கழற்றும் சிப்பாய்

மேரியன் ஹாலம் மத்தியான வேளையில் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, பச்சையாக எதையோ பட்டாணி அளவுக்கு உருட்டி உருட்டி வைக்கிறாள் என்ற செய்தி ஹேடன் தெருவில் முதலில் நோரீன் ஷாக்லாக் வாயிலிருந்துதான் கிளம்பியது. நோரீன் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டு மாடிப்படி வளைவில் நின்றால் ஹாலம் வீட்டுச் சமையலறை மேசையில் முக்கால் பாகம் தெரியும். மீதிக் கால் பாகத்தை அவளே ஊகித்துக்கொள்வாள். பாத வைத்தியர் கிளினிக்கில் மத்தியானம்வரை முன்மேசையில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிற ஐம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, ஞாயிறு தவறாமல் கோழி வறுக்கிறவள், கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சை மாத்திரை உருட்டுகிறாள் என்றால் தெரு என்ன நினைக்கும்? நினைத்தது. இரண்டு வாரம் நன்றாகவே நினைத்தது.

கடைசியில் அது வெறும் பட்டி, பொம்மை செய்கிற பிசைமாவு. மஞ்சளில் ஒரு கீற்று, நீலத்தில் ஒரு கீற்று வெட்டியெடுத்து ஈரக் கையால் பிசைந்தால் பச்சையாகிவிடும். ஒரு மணி நேரம் சொன்னபடி கேட்கும், பிறகு மெல்ல முரண்டு பிடிக்கும், மறுநாள் காலைக்குள் கல்லாகிவிடும். அதைக் கம்பியில் அப்பி, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சமே உயரமான சிப்பாய்களைச் செய்வது நாட்டிங்ஹாம் பக்கத்து ஆண்களில் பாதிப் பேரைப் பிடித்திருக்கும் வியாதி. மற்ற ஊர்களில் மீன் பிடிக்கப் போவார்கள், புறா வளர்ப்பார்கள். இங்கே சிப்பாய் செய்து, அதற்கு வண்ணம் பூசி, மேசைமேல் நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

மேரியனின் கணவன் க்ளைவுக்கு வியாதி முற்றியிருந்தது. தபால்காரன். விடியும் முன் எழுந்து, பத்து மைல் நடந்து, ஒன்றரை மணிக்கு வீடு திரும்பி, மாடிப்படியின் கீழ்ப்படியில் பொத்தென்று உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவான். சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் பட்டியோடு மல்லுக்கட்டுவான். பிறகு தூங்கப் போவான். இந்தச் சிப்பாய்க்காரர்களின் சங்கம் ஆண்டுக்கொருமுறை நடத்தும் கண்காட்சியில், வாசலில் நுழைகிற ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஈயச் சிப்பாயை இலவசமாக வைப்பது வழக்கம். அந்தச் சிப்பாய்க்கான மூலப் பொம்மையைச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரோ அவர் வீட்டாரோ செய்து தர வேண்டும். யாருடையது என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். க்ளைவ் ஏழு ஆண்டுகள் போட்டியிட்டு ஏழு ஆண்டுகளும் தோற்றவன். ஒவ்வொரு ஆண்டும் பொம்மையை மேரியன் மூக்குக்கு நேரே நீட்டுவான். அவளும் அடுப்பிலிருந்து திரும்பி, நல்லா இருக்கு என்பாள். எந்தப் பெண்டாட்டிதான் வேறு மாதிரி சொல்வாள்?

நல்லாத்தான் இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, சட்டைப் பொத்தான் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். ஆனால் க்ளைவின் ஆட்கள் அத்தனை பேரும் வாளை ஓங்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, பல் வைத்தியரிடம் வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள்.

மேரியன் இதில் இறங்கியது ஆசையால் இல்லை, சிக்கனத்தால். க்ளைவ் எப்போதும் தேவைக்கு மேலே பிசைவான். மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் ஒட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். வீணாகப் போகிறதே என்று ஒரு நாள் அதை எடுத்தாள். விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கிளினிக்கில் குதிகால் வெடிப்புக்குத் தரும் களிம்பைத் தொட்டுக்கொண்டாள், வழிக்கு வந்தது. க்ளைவிடம் பெட்டி நிறைய எஃகுக் கருவிகள் இருந்தன. அதைத் தொட்டால் தெரிந்துவிடும் என்று ஒரு தொப்பி ஊசியையும் நகத்தழுக்கு எடுக்கும் குச்சியையும் வைத்துக்கொண்டாள்.

முதல் ஆளை ஒரே மூச்சில் செய்யப் பார்த்தாள். மூக்கை வைக்கும்போது மார்பு சப்பையானது. மார்பைச் சரிசெய்யும்போது கால் முறுக்கிக்கொண்டது. முதுகு முழுக்க அவள் கட்டைவிரல் ரேகை, உழுத வயல் மாதிரி. அதைக் குப்பையில் போட்ட பிறகுதான், க்ளைவ் வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வது நினைவுக்கு வந்தது. எலும்பு இன்றைக்கு, சதை நாளைக்கு, துணி அதற்கும் மறுநாள். ஒன்று கல்லாகாமல் அடுத்ததில் கை வைக்காதே. ஏழு வருஷம் அவன் சுவரிடம் சொன்னதெல்லாம் அவள் காதில்தான் விழுந்திருக்கிறது. அவளும் காத்திருக்கப் பழகினாள். வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரியில், துவாலைகளுக்கு நடுவே, தக்கையில் குத்திய அரைகுறை மனிதர்கள் காய்ந்தார்கள். தன் வீட்டில் துவாலை எடுக்கும் வழக்கம் க்ளைவுக்குக் கிடையாது. யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்து அளவில் இடறினாள். உண்மையான மனிதன் எப்படி இருக்கிறானோ அப்படியே செய்தால்தானே சரி என்று, தூங்கிக்கொண்டிருந்த புருஷனின் தலையைத் தையல் நாடாவால் அளந்தாள். அவன் கண்ணைத் திறந்து, என்ன நடக்கிறது என்று கேட்க, குளிருக்குக் குல்லாய் பின்னப் போகிறேன் என்று சமாளித்தாள். அந்தப் பொய்க்காக நிஜமாகவே ஒரு குல்லாய் பின்ன வேண்டியதாயிற்று. அளவு அச்சாக இருந்தும் பொம்மை தீக்குச்சி மாதிரி நின்றது. இந்தத் தொழிலில் நிஜ அளவு உதவாது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டுமென்றால் தலையும் கையும் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து பொம்மை செலவானது. கண் வைக்கக் கூடாது, குழி வைத்தால் போதும், நிழலே கண்ணாகிவிடும் என்று கற்றுக்கொள்ள இன்னும் நான்கு. பாதம் மட்டும் முதல் தடவையே வந்துவிட்டது. பதினாறு வருஷம் பாத வைத்தியரின் முன்மேசையில் இருந்தவளுக்கு அதுகூட வரவில்லையென்றால் எப்படி?

குளிர்காலம் முடிவதற்குள் அவள் ஓர் ஆளைச் செய்து முடித்தாள். பழைய காலத்துச் சிப்பாய். கவிழ்த்த முரசின்மேல் உட்கார்ந்து, இடது காலை வலது முழங்கால்மேல் குறுக்கே போட்டு, பூட்ஸின் குதியை இரண்டு கையாலும் பற்றி இழுக்கப் போகிறான். இழுக்கும் முன் ஒரு விநாடி நிறுத்தி மூச்சு விடுகிறான். வாயெல்லாம் பிளக்கவில்லை. அவ்வளவுதான் பொம்மை.

கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நோரீன் உள்ளே நுழைந்தது அந்த வாரம்தான். மாத்திரை இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் தொங்கிப்போனது. பிறகு பூதக்கண்ணாடி வழியாகப் பொம்மையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது உன் வீட்டுக்காரன் இல்ல?" என்றாள்.

மேரியன் கேக் தட்டை வாங்கி உள்ளே வைத்தாள். இதைப் போட்டிக்குக் கொடுக்காவிட்டால் தானே எடுத்துப் போய்க் கொடுத்துவிடுவேன் என்று நோரீன் மிரட்டினாள். அவள் செய்யக்கூடியவள்தான். ஆனால் மேரியன் பணிந்தது மிரட்டலுக்கு இல்லை. அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இன்னார் செய்தது என்று தெரியாத யாராவது ஒருவர் அதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். க்ளைவின் எட்டாவது முயற்சியும் அதே மேசைமேல் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தன்னுடையது எங்கே ஜெயிக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சர்ச் கூடத்தில் ஓட்டு. நீள மேசையில் ஒன்பது தீப்பெட்டிகள் திறந்தபடி வரிசையாக இருந்தன. பெட்டிக்கு எண் மட்டும். பெயர்கள் ஒட்டிய உறைக்குள், உறை தலைவர் கிரஹாம் போஸ்டாக்கின் கோட்டுப் பைக்குள். போஸ்டாக் ஓய்வுபெற்ற நூலகர், எந்த நேரமும் யாரையாவது பேசாதே என்று சொல்லத் தயாராக இருக்கும் முகம். ஆளுக்கொரு பகடைக்காய். பிடித்த பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு நகர வேண்டும். ஓட்டு முடியும்வரை பொம்மையை யாரும் தொடக் கூடாது. மேரியனும் நோரீனும் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் சாக்கில் மூலையில் நின்றார்கள்.

க்ளைவ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தான். ஆறாம் எண்ணில் நின்றான். அடுத்ததுக்குப் போய்விட்டு ஆறுக்கே திரும்பி வந்தான். தன் பகடையை அதற்கு முன்னால் வைத்தான். மேரியன் நிரம்பிய கோப்பையிலேயே மறுபடி தேநீர் ஊற்றினாள். கல்யாணமான முப்பத்து மூன்று வருஷத்தில் அவன் தந்த பரிசுகளில் அதற்குச் சமமாக ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. தந்தவனுக்குத் தான் எதைத் தந்தோம் என்று தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆறாம் எண்ணுக்குப் பதினான்கு பகடை, மூன்றாம் எண்ணுக்கு ஒன்பது. போஸ்டாக் உறையைக் கிழித்து, இரண்டு முறை தொண்டையைச் செருமி, "மேரியன் ஹாலம்" என்று படித்தார். இரண்டாம் இடம் க்ளைவ் ஹாலம்.

கூடம் கைதட்டியது. க்ளைவும் தட்டினான், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் பின்வரிசையிலிருந்து, "ஏம்ப்பா க்ளைவ், உன் தபால் பைய எங்க விட்ட?" என்று கேட்டான். சிரிப்பு கிளம்பியது. க்ளைவுக்குப் புரியவில்லை. பொம்மையைப் பார்த்தான். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தான். மறுபடி பொம்மையைப் பார்த்தான். அப்போது புரிந்தது. காதிரண்டும் சிவந்துபோயின.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொம்மையைக் கையில் எடுத்தான். முன்னால் திருப்பினான், பக்கவாட்டில் திருப்பினான், தலைகீழாகக்கூடப் பிடித்தான். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

"இது அச்சில வராது."

சிரிப்பு நின்றது. முப்பது பேர் ஒரே நேரத்தில் தங்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். மனைவி ஜெயித்ததைப் பொறுக்காத புருஷன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சங்கத்து விதியை போஸ்டாக் வாசித்தார். ஜெயித்த பொம்மை வார்ப்புக்கு ஒத்துவராவிட்டால் இரண்டாம் இடத்துப் பொம்மையை வார்க்க வேண்டும். வார்ப்புக்காரர் ரெஜ் மீக்கின் சனிக்கிழமை மத்தியானம் அச்சு எடுக்கிறார். அதற்குள் என்ன செய்ய முடியுமோ செய்துகொள்ளுங்கள் என்றார். ஆக, மேரியனுடையது விழுந்தால் எட்டு வருஷத்தில் முதல்தடவையாக க்ளைவின் ஆள் எழுவான். இதைக் கூடத்தில் எல்லோரும் மனதுக்குள் ஒரே நேரத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார்கள்.

மேரியன் நோரீனின் காரில் வீட்டுக்கு வந்தாள். க்ளைவ் நடந்தே வந்தான். பாவம், ஏற்கனவே பத்து மைல் நடந்தவன். வழியெல்லாம் நோரீன், இந்த ஆண்பிள்ளைகளே இப்படித்தான் என்று ஆரம்பித்துத் தன் முதல் புருஷன்வரை போய்விட்டாள்.  மேரியனைக் குடைந்தது ஒன்றுதான். பெயர் தெரியாதபோது அவன் ஆறாம் எண்ணுக்குப் பகடை வைத்தான். பெயர் தெரிந்ததும் வராது என்கிறான். இரண்டில் எது க்ளைவ்? வீட்டுக்கு வந்ததும், பொறாமையில் சொன்னாயா என்று கேட்டும்விட்டாள். அவன் பதில் சொல்லாமல் மாடிக்குப் போனான். சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள்.

மறுநாள் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு ரெஜ் மீக்கினைப் பார்க்கப் போனாள். நோரீன் துணைக்கு வந்தாள் என்று சொல்ல வேண்டும், தடுத்தாலும் வந்திருப்பாள். ரெஜ்ஜின் பட்டறை அவர் வீட்டுக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகை. ஈய வாசனையும் ரப்பர் கருகிய வாசனையும் கலந்து அடிக்கும். எழுபது வயது, பாதி விரல்களில் தீக்காயத் தழும்பு, எதிரில் ராணியே வந்து நின்றாலும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

அவர் பொம்மையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"அழகா இருக்கு கண்ணு. ஆனா வராது."

இரண்டு ரப்பர் வட்டுகளை எடுத்து, கையால் காட்டி விளக்கினார். பொம்மையை நடுவில் வைத்து மேலும் கீழும் ரப்பரை மூடி, சூட்டில் அழுத்துவார்கள். பிறகு இரண்டையும் பிரித்து எடுக்க வேண்டும். நேராக நிற்கிற ஆள் என்றால் முன்பாதி ஒரு வட்டில், பின்பாதி ஒரு வட்டில், சிக்கலே இல்லை. இவனோ ஒரு காலை முன்னால் நீட்டி, ஒரு காலைக் குறுக்கே போட்டு, இரண்டு கையாலும் வளையம் போட்டிருக்கிறான். எந்தப் பக்கம் வைத்து மூடினாலும் ரப்பர் அந்த வளையத்துக்குள் புகுந்து கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். பிரித்தால் ரப்பர் கிழியும், இல்லையென்றால் வார்த்த ஈயத்தின் கை ஒடியும்.

"யாரும் சொல்லலியா உனக்கு?"

"க்ளைவ் சொன்னார்" என்றாள் மேரியன்.

"அவனுக்குத் தெரியாம இருக்குமா? அவன் செய்யற ஆளு ஒவ்வொருத்தனும் அச்சுலேருந்து வழுக்கிட்டு வந்துருவான். பாத்தாலே தெரியும். என்ன ஒண்ணு, யாரும் இன்னொண்ணு தாங்கன்னு கேக்கமாட்டாங்க."

சண்டை ஒன்று கைநழுவிப் போன ஏமாற்றத்தில் நோரீன் காரை வேகமாக ஓட்டினாள். மேரியன் மடியில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அது ஆறுதல். பொய் சொல்கிறான் என்று நினைத்தது தான்தான். அதற்கு ஆறுதல் எங்கே இருக்கிறது?

ஒன்றரை மணிக்கு க்ளைவ் வந்தான். கீழ்ப்படியில் உட்கார்ந்தான். பூட்ஸில் கை வைத்தவன், சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். தன்னை யாரோ படம் பிடிக்கிறார்கள் என்பது மாதிரி. மேரியன் சமையலறை முக்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"ரெஜ்ஜப் பாத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"வராதுன்னார்."

"அதத்தானே நானும் சொன்னேன்."

"நான் நம்பல."

"தெரியும்" என்றான் க்ளைவ். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

 பிறகு மேரியன், எப்படிச் சரிசெய்வது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். கேட்கும்போதே, கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவன் தெரியாது என்று தோளைக் குலுக்கினால் போதும். சனிக்கிழமை அவனுடைய ஆள் ரெஜ்ஜிடம் போவான். யாரும் அவனைக் குறை சொல்லவும் முடியாது.

"தெரியும்" என்றான். "ஆனா மொதல்ல நீ ஒண்ணு சொல்லு. ஏழு வருஷமா என்னோடதப் பாத்து நல்லா இருக்கு நல்லா இருக்குன்னியே. நெஜமாவா சொன்ன?"

அவள் இடத்தில் நோரீன் இருந்திருந்தால், நெஜமாத்தான் என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்திருப்பாள். நாமெல்லாம் அப்படித்தான் செய்திருப்போம். மேரியனும் வாயைத் திறந்தாள்.

"பொத்தானெல்லாம்..."

"பொத்தான விடு."

மேரியன் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ஆளுங்க யாரும் எங்கேருந்தும் நடந்து வந்த மாதிரி தெரியல க்ளைவ். பெட்டியத் திறந்து அப்பத்தான் எடுத்து வெச்ச மாதிரி இருக்காங்க. எவனுக்கும் கால் வலிக்கல. தெனம் பத்து மைல் நடக்கறவன் நீ. கால் வலிச்சா மூஞ்சி எப்படிப் போகும்னு உனக்குத் தெரியாதா?"

 க்ளைவ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் மூஞ்சிய நான் எங்க பாத்தேன்" என்றான் கடைசியில்.

"நான் பாத்திருக்கேன்ல."

 அவன் இடது காலைத் தூக்கி வழக்கம்போல வலது முழங்கால்மேல் போட்டான். பிறகு அதை இறக்கினான். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, இடது பாதத்தைத் தான் உட்கார்ந்திருந்த படியின் விளிம்பிலேயே தூக்கி வைத்து, முழங்கால் நெஞ்சில் முட்டும்படி குனிந்து, குதியை இரண்டு கையாலும் பிடித்தான்.

"இப்படி உக்காந்தா எல்லாம் ஒரே தளத்துல வந்துரும். பக்கவாட்டுல படுக்கவெச்சு மூடலாம். கைக்கும் தொடைக்கும் நடுவுல இருக்கற ஓட்ட நேரா இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போகுது பாரு, ரப்பர் மாட்டாது."

அப்படிக் குனிவது அவன் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. மூச்சு முட்டியது. மேரியன் எழுந்து அவனை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள். முதுகு முன்பைவிட வளைந்திருந்தது. தலை முழங்காலில் சாயப்போகிற மாதிரி இருந்தது. இது தான் செய்ததைவிடக் களைத்த ஆள் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இரு என்று சொல்லிவிட்டுத் தொப்பி ஊசியைத் தேடப் போனாள். அவன் தன் எஃகுக் கருவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்திச் சொன்னான். அவளுக்குத் தெரியாதா?

ஆனால் அதற்கு முதலில் பழைய காலையும் கைகளையும் வெட்டியெடுத்தாக வேண்டும். மேசைமேல் பொம்மையை வைத்து, சின்னக் கத்தியைக் கையில் எடுத்ததும் மேரியனுக்குக் கை ஓடவில்லை. நாலு மாதத்து வேலை. அந்தக் கைவிரல்களை மட்டும் பன்னிரண்டு நாள் செய்தாள்.

"நீயே வெட்டிடேன்" என்றாள்.

"உன் ஆளு. நீதான் வெட்டணும்" என்றான் க்ளைவ். சொல்லிவிட்டு, அவள் வெட்டும்போது எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான். பக்கத்து வீட்டு மாடிப்படி வளைவில் நோரீனின் தலை தெரிந்திருக்க வேண்டும், கையை ஆட்டினான்.

புதன் மத்தியானம் கம்பியை வளைத்துக் காலின் எலும்பு. வியாழன் சதையும் கால்சட்டையும். வெள்ளி பூட்ஸும் கைகளும். ஒவ்வொன்றும் அலமாரியில் துவாலைகளுக்கு நடுவே காய்ந்தது. இந்த முறை க்ளைவ் துவாலை எடுக்கத் தானே போனான், ஒரு நாளைக்கு ஆறு தடவை. இருவரும் சமாதானமாக வேலை செய்தார்கள் என்று சொன்னால் அது பொய். விரல் கணுக்களைப் பெரிதாக்கு, அச்சில் மழுங்கிவிடும் என்றான் அவன். மாட்டேன் என்றாள் அவள். அது அவன் சொன்னபடியே பெரிதானது. குதியில் ஒரு மடிப்பு வேண்டாம், ஈயம் போய்ச் சேராது என்றான். அந்த மடிப்பு இல்லாவிட்டால் அது பழைய பூட்ஸே இல்லை என்றாள். அது அப்படியே இருந்தது. தெருவில், அவர்கள் வீட்டில் மூன்று நாளாகச் சத்தம் கேட்கிறது, விவாகரத்துதான் என்று ஒரு பேச்சு ஓடியது. யார் கிளப்பியது என்று கேட்கத் தேவையில்லை.

சனிக்கிழமை ரெஜ் மீக்கின் பொம்மையை வாங்கித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். பக்கவாட்டில் படுக்கவைத்து, ரப்பரை மூடி, சூட்டு அழுத்தியில் ஏற்றினார். ஒன்றரை மணி நேரம் கழித்து வட்டுகளைப் பிரித்தபோது மூலப் பொம்மை மூன்று துண்டாகிக் கிடந்தது. யார் செய்தாலும் இதுதான் கதி என்றார் ரெஜ், சாதாரணமாக. இது தெரிந்த விஷயம்தான். ஆனால் மேரியன் நேரில் பார்த்தது இல்லை, எட்டு வருஷம் முயன்ற க்ளைவும் இந்தக் கட்டம்வரை வந்தவன் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் அவளுடைய கைப்பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

முதல் சுற்றில் வார்த்ததில் குதி வரவில்லை. மடிப்புக்கு முன்னாலேயே ஈயம் நின்றுவிட்டது. க்ளைவ், நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லவில்லை. அதற்கு அவன் பட்ட பாடு ரெஜ்ஜுக்குக்கூடத் தெரிந்தது. காற்று வெளியேற அந்த இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் போட்டால் என்ன என்று மட்டும் கேட்டான். ரெஜ் கத்தியை அவனிடமே கொடுத்தார். இரண்டாவது சுற்றில் குதி, மடிப்பு, எல்லாம் வந்தது. சிப்பாய் சுடச்சுட, பளபளவென்று, உலகத்துக் களைப்பையெல்லாம் குனிந்து கழற்றிக்கொண்டிருந்தான்.

கண்காட்சி நாளில் அறுநூறு பேர் வந்தார்கள். வாசலில் சிப்பாயை எடுத்துக் கொடுக்கும் வேலை க்ளைவுக்கு. பாதிப் பேர் பொம்மையைப் பார்த்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரி செஞ்சது, கால் மட்டும் என்னோடது என்று அறுநூறு தடவையும் சொன்னான். முதல் ஐம்பது தடவை சிரமமாக இருந்ததாகவும், பிறகு பழகிவிட்டதாகவும் போஸ்டாக்கிடம் சொன்னானாம். சாயங்காலம் சிலர் திரும்பி வந்து இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டதை நோரீன் தன் கண்ணால் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மேரியன் தேநீர்க் கோப்பையோடு மேசைக்கு வந்தபோது அவன் புதுக் கம்பியில் பட்டி அப்பிக்கொண்டிருந்தான். வாளைக் காணோம். ஒரு மேசை, அதற்குப் பின்னால் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, எதிரில் நிற்கிற யாரோ சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு பெண். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான், குனிந்து ஊசியால் எதையோ அழுத்தினான், மறுபடி நிமிர்ந்து பார்த்தான். முப்பத்து மூன்று வருஷத்தில் இத்தனை தடவை சேர்ந்தாற்போல் அவன் அவளைப் பார்த்ததில்லை. அவளுக்கு எங்கே கையை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பூதக்கண்ணாடியை வாங்கிப் பொம்மையைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"தோள் ரொம்ப நேரா இருக்கு. பதினாறு வருஷம் உக்காந்தவ தோளு இப்படியா இருக்கும்?"

அவன் தோளை அழுத்தி இறக்கினான்.

"தாடை ஏன் ரெண்டு வெச்சிருக்க?"

"இருக்கறதத்தான் வெச்சிருக்கேன்" என்றான் க்ளைவ், தலையைத் தூக்காமல்.

மேரியன் அடுப்பின் பக்கம் போனாள். பளபளக்கும் கெட்டிலில் குனிந்து, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இரண்டுதான். திரும்பி வந்து அவன் எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.